சித்திரக்காரரா, வியாபாரியா?

கேள்வி: மிக்கி எலியை வரைந்தவரே வேறொருவராமே! பிறகு வால்ட் டிஸ்னிக்கு எதற்கு இத்தனை கீர்த்தி?

பதில்: எலிக்கு உருவம் தந்தவர் அப் ஐவர்க்ஸ்தான், குரல் தந்தவர் டிஸ்னி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்போர் உண்டு. ஆனால், ஆஸ்வால்ட் என்ற முயல் சித்திரத்தின் உரிமை தம்முடையதன்று என்று 1928-இல் தெரியவந்து, கூட இருந்த சித்திரக்காரர்களில் பெரும்பாலோரும் விலகிவிட்ட பிறகு, அவ்வாண்டு நவம்பரிலேயே, ஒலிப்பதிவுச் செலவுக்குத் தம் மோட்டாரையும் விற்று, ஓர் எலியை இசையோடு திரையேற்றிய டிஸ்னியின் பிடிவாதம் அபூர்வமானது.

1937-இல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' படத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலரை அவர் கொட்டியபோது, கார்ட்டூனை எண்பது நிமிஷம் யார் பார்ப்பார்கள் என்று ஹாலிவுட் பரிகசித்தது. பாங்கிக் கடனுக்கு அலைந்த அண்ணன் ராயின் பொறுமையையும் இங்கே ஸ்மரிக்க வேண்டும். ஊழியர்களிடம் டிஸ்னி எப்போதும் தாராளமாக நடந்தவரல்லர். 1941-இல் அவருடைய சித்திரக்காரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். எனினும், வந்த லாபத்தைப் பெட்டியில் பூட்டாமல் அடுத்த சிருஷ்டியில் போட்டவரை வெறும் வியாபாரி என்னச் சம்மதியேன். பரிகசித்த ஹாலிவுட்டே அப்படத்துக்காக அவருக்கு அளித்த விசேஷ ஆஸ்கர், பெரிய சிலை ஒன்று, கதையில் வரும் குள்ளர்களுக்காகச் சின்னஞ்சிறு சிலைகள் ஏழு!