வெசல் இன்னும் அவுட்டர்ல

நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஈ.டி.ஏ. என்று ஒரு மூன்றெழுத்து உண்டு. கப்பல் எந்தத் தேதியில் வந்து சேரும் என்று லைன்காரர்கள் மெயிலில் அனுப்புகிற உத்தேசக் கணக்கு. பதினெட்டு வருஷத்தில் அந்தத் தேதியை நம்பி நான் ஒரு லாரிகூடச் சொல்லி வைத்ததில்லை. கொழும்பில் நெரிசல் என்பார்கள். சிங்கப்பூரில் நம் பெட்டியை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள் என்பார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்பார்கள். தொழிலுக்குப் புதிதாக வந்த இறக்குமதிக்காரர் மட்டும், "சார், பன்னண்டாம் தேதின்னு மெயில்ல போட்டிருக்கே?" என்று பதறுவார். "போட்டிருக்கு சார்" என்று நானும் ஒப்புக்கொள்வேன். காசிமேட்டுக் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குக் கப்பல் வந்துவிட்டாலும் எங்கள் கணக்கில் அது வரவில்லை. "வெசல் இன்னும் அவுட்டர்ல." பெர்த்தில் கயிறு கட்டி, கிரேன் முதல் பெட்டியைத் தூக்கினால்தான் வந்தது என்போம்.

இவ்வளவு விவரமான ஆள், 36 விநாடி ஓடிய ஒரு படத்துண்டை நம்பி ஒரு மாதச் சம்பளத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான் என்றால் நம்புவீர்களா? என் மனைவி இன்னும் நம்பவில்லை. கார்டைக் கண்ணால் பார்த்த பிறகும்.

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லும் வீடியோ கேம் வகையை அதிகம் விளக்க வேண்டாம். அங்கே விக்கிரமாதித்தன் முருங்கை மரம் ஏறுவான், நாம் வேடிக்கை பார்ப்போம். இங்கே நாமே ஏற வேண்டும். வாள் எடுக்கலாம், மந்திரம் படிக்கலாம், நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பை அப்படியே போட்டுவிட்டு வீடு வீடாகப் புகுந்து முட்டைக்கோஸ் திருடலாம். கேட்க ஆள் கிடையாது. 2011 நவம்பர் 11 அன்று, அதாவது 11-11-11 என்று ஜோசியக்காரர் குறித்த மாதிரி ஒரு நாளில், பெதஸ்டா கம்பெனியின் 'ஸ்கைரிம்' வெளிவந்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் ஐந்தாவது. பனிமலை, டிராகன், முட்டைக்கோஸ் எல்லாம் அதில் உண்டு.

என் கைக்கு அது வந்தது 2012-ல். தமிழ்நாடே மின்வெட்டில் வெந்து கொண்டிருந்த வருஷம். சென்னைக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். கொடியில் காயும் வேட்டியில் கரி விழும், வீட்டில் இருட்டு விழும். டிராகன் இறக்கையை விரித்து வாயைத் திறக்கும். நெருப்பு வருவதற்குள் கரண்ட் போய்விடும். ஒரே டிராகனை நான் ஒன்பது முறை முதல்முறையாகச் சந்தித்தேன்.

விளையாட்டு வந்த மாதமே, கோளாறுகளைச் சரிசெய்கிறோம் என்று பெதஸ்டா ஒரு திருத்தம் விட்டது. அதற்குப் பிறகு சில டிராகன்கள் பின்பக்கமாகப் பறக்க ஆரம்பித்தன. உலகம் முழுக்கச் சிரித்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பதினோரு மணிக்கு ரிவர்ஸில் வரும் டிரெய்லரைப் பார்த்தவனுக்கு, ரிவர்ஸில் வரும் டிராகன் ஒரு பொருட்டா?

டிரெய்லர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் டிரெய்லர் என்றால் நாற்பதடி நீளம் இருக்கும், துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும், நகராது. வீடியோ கேம் உலகத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான் என்பது எனக்கு 2018-ல் தெரிந்தது.

அந்த ஜூன் 10 அன்று அமெரிக்காவில் பெதஸ்டாவின் விழா. நம் நேரப்படி மறுநாள் திங்கட்கிழமை காலை. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது, காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. நான் தேரடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை. தடுப்புத் தகரத்துக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் ஆட்டோ நின்றுவிட்டது. போனை எடுத்தேன். மேகத்துக்கு மேலே கேமரா பறக்கிறது. கீழே பாறையும் மலையும். தூரத்தில் கடல். பழைய இசை மெல்ல எழுகிறது. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' என்று எழுத்து. முடிந்தது. எனக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது.

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா சார், புதுப் படமா?"

"ஆமாம்பா."

"ஹீரோ யாரு?"

"ஹீரோ நான்தான்" என்றேன், யோசிக்காமல்.

அவர் திரும்பி ஒருமுறை நேராகப் பார்த்தார். "எப்ப ரிலீஸ்?"

"சொல்லல."

"அப்ப இன்னாதான் சொல்றாங்கோ?"

"மலை இருக்காம்."

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தடைக்காலத்தில் கூடையில் மீன் ஏது என்று எனக்கும் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நம்பிக்கையோடு வெறுங்கூடை தூக்கிப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யக்கூடாது.

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். எண்ணூரில் லாரி கம்பெனியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "மருதநாயகம் பூஜைக்கு இங்கிலாந்து ராணியே வந்துட்டுப் போனாங்கடா. தொண்ணூத்தி ஏழுல. படம் வந்துச்சா?" அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். விவாதத்துக்கு இடமே வைக்கவில்லை.

இந்த விளையாட்டுக் கம்பெனிகளின் வாக்குறுதிகளை ஆராய இங்கிலீஷில் ஏதேதோ சொல் வைத்திருக்கிறார்கள். வடசென்னையில் மூன்றே சொல்லில் முடித்துவிடலாம்: பீலா, உதார், டகால்டி. மூன்றும் ஒன்றல்ல. வெளியூர்க்காரர்கள் கலந்துவிடுவதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பீலாவில் சரக்கே இருக்காது, வாய் மட்டும் இருக்கும். உதாரில் சரக்கு இருக்கும், ஆனால் சவுண்டு சரக்கைவிடப் பெரிதாக இருக்கும். டகால்டியில் சரக்கு இருக்கும், சவுண்டு இருக்காது, உங்கள் பாக்கெட்டில் இருந்தது மட்டும் இருக்காது.

2006-ல் இதே பெதஸ்டா, இதே வரிசையின் நான்காவது விளையாட்டான 'ஆப்ளிவியன்'-ல் குதிரைக்கு ஒரு கவசம் விற்றது. விலை இரண்டரை டாலர். நிஜக் காசு, நிழல் குதிரை. திட்டிக்கொண்டே வாங்கினார்கள். சந்தேகமில்லாமல் டகால்டி. 'சைபர்பங்க் 2077' உதார். 2012-ல் அறிவித்து, கியானு ரீவ்ஸை மேடையேற்றி, 2020 டிசம்பர் 10-ல் விட்டார்கள். பழைய பிளேஸ்டேஷனில் அது தள்ளாடிய தள்ளாட்டத்தில், சோனி ஒரே வாரத்தில் கடையிலிருந்தே இறக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு வருஷக்கணக்கில் சரிசெய்து நல்ல விளையாட்டாக்கிவிட்டார்கள் என்பதும் உண்மை. உதாருக்கு அந்த மரியாதை உண்டு, உள்ளே சரக்கு இருக்கிறதல்லவா.

பீலாவுக்கு உதாரணம் ஒரு மரம். 'ஃபேபிள்' என்ற விளையாட்டு வருவதற்கு முன்னால் அதை உருவாக்கிய பீட்டர் மோலினியூ, நீங்கள் ஒரு ஓக் விதையைத் தட்டிவிட்டால் அது முளைத்து, கதையில் வருஷங்கள் ஓட ஓட மரமாகும் என்று ஆசை காட்டியிருந்தார். 2004-ல் விளையாட்டு வந்தது. விதையும் இல்லை, மரமும் இல்லை. பிறகு அவரே வருத்தம் தெரிவித்தார். பாவம், கெட்ட மனிதரில்லை. பேசும்போது மனசுக்குள் மரம் வளர்ந்துவிடுகிற ஜாதி.

மரத்தை வைத்து வாக்குக் கொடுப்பதில் எங்கள் ஊருக்கு அனுபவம் அதிகம். திருவொற்றியூர்க் கோயிலில் சங்கிலியாரைப் பார்த்த சுந்தரர், கல்யாணத்துக்குச் சிவனையே தூது அனுப்புகிறார். உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், அதுதான் நிபந்தனை. சுந்தரருக்கோ திருவாரூர் போகாமல் இருக்க முடியாது. ஆகவே சிவனிடம் தனியாக ஒரு விண்ணப்பம்: சன்னதியில் நான் சத்தியம் செய்யும்போது நீர் உள்ளே இருக்க வேண்டாம், வெளியே மகிழ மரத்தில் போய் இரும். நான் இதுவரை படித்ததிலேயே கெட்டிக்காரத்தனமான நிபந்தனை இதுதான். 'அறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் போடுகிற எந்தக் கம்பெனி வக்கீலும் இதற்கு முன் நிற்க முடியாது. ஆனால் சிவன் இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்த்தார். சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு என்று சொல்லிவிட்டார். சுந்தரருக்கு வேறு வழியில்லை. அப்புறம் வசந்தம் வந்தது, ஆரூர் ஞாபகம் வந்தது, ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. ஒரு கண் காஞ்சியிலும் இன்னொன்று திருவாரூரிலும் திரும்பக் கிடைத்தது. இந்த மாதிரிச் சிறுகச் சிறுகத் திருத்தம் விடுவதும் புதிதல்ல என்று அறிக. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றைக்கும் நடக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2018-லிருந்து ஐந்து வருஷம், எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 எப்போது என்று உலகமே கேட்டது. அதே விழாவில் அறிவித்த 'ஸ்டார்ஃபீல்டு' முதலில் வரும் என்றார்கள். அதற்கும் 11-11-22 என்று ஃபேன்சி நம்பர் குறித்து, 2023 செப்டம்பருக்குத் தள்ளினார்கள். நடுவில் மைக்ரோசாஃப்ட் பெதஸ்டாவை அதன் தாய்க் கம்பெனியோடு சேர்த்து வாங்கியது. பிறகு அது வேறொரு கம்பெனியை வாங்கப் போனதில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2023 ஜூனில் மைக்ரோசாஃப்டின் ஃபில் ஸ்பென்சர் கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் எடுத்தபின், எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்கு இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார். பாருங்கள், மேடையில் வராத ஈ.டி.ஏ. மகிழ மரத்தடியில் வந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு வருஷம்தானே? நம்ம பாலத்தைவிட வேகம்தான்" என்றார். அவர் சொன்னது துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலத்தை. 2009 ஜனவரியில் அடிக்கல். 2012-ல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் வருஷக்கணக்காக நின்றன, அறிவிப்புப் படத்தில் வந்த மலைகளைப் போல. 2022 மே மாதம் அதே பாலத்துக்கு இரண்டடுக்காக மறுபடி அடிக்கல். கேம் உலகத்தில் இதற்கு ரீமேக் என்று பெயர். அந்தப் பாலத்தை நம்பி, பெட்டி எத்தனை மணி நேரத்தில் வெளியே போய்விடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த எங்கள் சீனியர் ஒருவர் ரிட்டயராகி, பேரன் பிறந்து, பேரன் பைக் ஓட்டுகிறான்.

நியாயமாகச் சொன்னால் வந்ததும் உண்டு. 2021 பிப்ரவரி 14-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. எங்கள் தேரடி ஸ்டேஷன் மட்டும் அப்போது திறக்கவில்லை, அது அடுத்த வருஷம் மார்ச்சில்தான். அந்த ஒரு வருஷம் ரயில் எங்கள் தலைக்கு மேலே நிற்காமல் போவதை அண்ணாந்து பார்த்தோம். ஆனாலும் ஒரு நாள் வந்தது. இதுதான் என்னைக் கெடுத்தது. ஒன்றுமே வராத ஊர் என்றால் சந்தேகப்பட்டே நிம்மதியாக இருந்திருப்பேன்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். 2018 கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. விளையாட்டு வரும்போது தயாராக இருக்க வேண்டாமா? "மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி சீர் வாங்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள், கார்டு பரண் வயசுக்கு வந்துவிட்டது, மாப்பிள்ளையைக் காணோம்.

அந்தக் கார்டில் ஒழுங்காக ஓடிய ஒரே புது விளையாட்டு 'வெண்பா'. 2023 ஜூலையில் வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், சமையல், கிழிந்த குறிப்புப் புத்தகம். பாஃப்டா விருதுகூட வாங்கியது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். நான் இரண்டு தடவை சொதப்பினேன். பின்னாலிருந்து மனைவி, "குழிக்கு நேரா குழி வராம வைங்க. இதுகூடத் தெரியாம நீங்க டிராகனை எங்க கொல்லப் போறீங்க?" என்றாள். மிச்ச விளையாட்டை அவளே ஆடி, ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். கவசம் கிடையாது, குதிரை கிடையாது.

போன மாதம் கார்டின் ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு ரிப்பேர் கடைக்குப் போனேன். பையனுக்கு இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். கார்டைக் கழற்றி ஊதினான். எண்ணூர்க் கரி அரைக் கரண்டி வந்தது.

"எதுக்கு சார் இந்தப் பழைய கார்டுக்குச் செலவு பண்றீங்க?"

"ஒரு கேம் வருதுப்பா."

"எது?"

சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நானும் அதுக்குத்தான் சார் கார்டு வாங்கினேன். பத்தாவது படிக்கும்போது."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு ஃபேனை மாட்டி, ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டு, "ஆறு மாசம் கேரண்டி சார்" என்றான்.

"ஆறு மாசத்துல கேம் வராதேப்பா."

"தெரியும் சார். அதனாலதான் தைரியமா குடுக்கறேன்."