இன்னும் வயசு இருக்கு, அண்ணே!

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. மனசுல பட்டதை ஒளிக்காம சொல்லணும். வேலையை விட்டுட்டு முழு நேரமா நடிக்கப் போயிடலாமா?"

இதைக் கேட்க நம்மவர் நேரம் காலம் பார்ப்பதில்லை. கல்யாணப் பந்தியில் சோற்றில் ரசத்துக்குக் குழி பறிக்கும்போது கேட்பார். துக்க வீட்டில், எடுக்க இன்னும் நேரமாகும் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கையில், பிளாஸ்டிக் நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்பார். "வேண்டாம்ப்பா" என்றால், "ஜெயிச்ச எல்லாரையும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க" என்று பூரிப்பார். "சரி, போங்க" என்றால் முகம் வாடிவிடும். "இ.எம்.ஐ. இருக்கே அண்ணே!"

எந்தப் பதிலையும் மடக்க அவரிடம் ஓர் அஸ்திரம் உண்டு. அதுதான் வயசுக் கணக்கு. நடிகர்களின் பிறந்த தேதியும் பெயர் வாங்கித் தந்த படமும் தலைகீழ்ப் பாடம். 22 வயதில் சொன்னார்: "ரஜினி சார் கண்டக்டரா இருந்தவர். 1975ல 'அபூர்வ ராகங்கள்' வரும்போது அவருக்கு 24. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு." 24 முடிந்த மறுநாளிலிருந்து ரஜினி சார் பேச்சே இல்லை. எம்.ஜி.ஆர். வந்துவிட்டார். "'ராஜகுமாரி' 1947. வாத்தியாருக்கு அப்போ 30." முப்பது தாண்டியதும் விஜய் சேதுபதி. "'தென்மேற்குப் பருவக்காற்று' 2010 டிசம்பர். வயசு 32." அதுவும் கடந்ததும் விக்ரம், 'சேது', 1999, வயது 33. கோர்ட்டில் வாய்தா வாங்குகிற மாதிரி, ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு நடிகரைக் காட்டித் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

நாற்பது தாண்டியபோது இனி ஓய்ந்துவிடுவார் என்று நம்பினேன். மொட்டை ராஜேந்திரனோடு வந்து நின்றார். "'நான் கடவுள்' 2009. மனுஷன் அம்பதை ஒட்டினப்புறம்தான் வெளிச்சத்துக்கே வந்தார்." அதற்கு அப்பாலும் ஒருவரைக் கைவசம் வைத்திருக்கிறார். 'கடைசி விவசாயி' நல்லாண்டி.

"எண்பதைத் தாண்டினவர் அண்ணே! தேசிய விருதுல சிறப்புக் குறிப்பு குடுத்தாங்க."

"படம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே அவர் போய்ச் சேர்ந்துட்டாரேப்பா?"

"அதனால என்ன? படம் வந்துச்சில்ல!"

இந்தக் கணக்கில் கழித்தல் மட்டும்தான் உண்டு. 1947ஐச் சொல்பவர் 1936ஐச் சொல்லவே மாட்டார். அந்த வருஷம் 'சதி லீலாவதி'யில் சின்ன வேடத்தில் தலைகாட்டிய எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆக 11 வருஷம் பிடித்தது. அதற்கும் முன்னால் நாடகக் கம்பெனி வாசம். விக்ரமின் முதல் படம் 1990ல் வந்த 'என் காதல் கண்மணி'. 'சேது'வுக்கு முன்னால் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் அவர். மொட்டை ராஜேந்திரன் வருஷக்கணக்கில் ஸ்டண்ட் ஆளாக அடி வாங்கியவர். விஜய் சேதுபதி துபாய் வேலையை விட்டு வந்து, கூத்துப்பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தவர்.

இந்தக் கடைசித் தகவலைச் சொன்னால் மட்டும் நம்மவர் கண் மலரும். "நானும் அக்கவுண்ட்ஸ்தான் அண்ணே!" சரி, ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய அந்தப் பட்டறைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போனதுண்டா? "போகணும்தான். வண்டி நிறுத்த இடம் இருக்காதுன்னு சொன்னாங்க."

மற்றதெல்லாம் சில்லறை. தாடி வளர்ப்பார், எடுப்பார். போட்டோவுக்கு இடப்பக்கம் மட்டுமே காட்டுவார். யார் நடித்த படமானாலும் இடைவேளையில், "இந்த கேரக்டரை நான் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பிப்பார்.

ஆளுக்கு நடிக்க வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய், மொட்டை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் எங்கள் ரேஷன் கடைக்காரரைச் செய்து காட்டினார். தலையை நிமிர்த்தவில்லை. இடது கையால் கைரேகை மெஷினை ரெண்டு தட்டுத் தட்டினார். "விழலம்மா. தொடைச்சிட்டு வை. அந்த விரல் இல்ல. அதுவும் இல்ல. வீட்டுல வேற யாரும் இல்லையா?" கடைசியில் சலிப்போடு ஒரு கொட்டாவி, அதன் நடுவிலேயே, "பாமாயில் நாளைக்கு" என்றார். குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். கொட்டாவிக்குள் வார்த்தையை நுழைக்கிற அந்த வித்தை சொல்லிக் கொடுத்து வருவதில்லை. எனக்கே மனசு இளகிவிட்டது. "பிரமாதம்ப்பா" என்றேன்.

"இதெல்லாம் சும்மா அண்ணே. சீரியஸா சொல்லுங்க, நடிக்கப் போகலாமா?"

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாலிகிராமத்தில் ஒரே அறையில் ஆறேழு பேர் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, விடிந்ததும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிற பையன்கள் யாரும் என்னிடம் வந்து அபிப்பிராயம் கேட்பதில்லை. கோ-டைரக்டரிடம் கேட்கிறார்கள். "போட்டோவை வச்சிட்டுப் போப்பா, சொல்லி அனுப்பறோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த படி ஏறுகிறார்கள். நம்மவர் கேட்பதெல்லாம் வேஷம் கொடுக்க வழியில்லாதவர்களிடம்: என்னிடம், ஆடிட்டரிடம், பல் டாக்டரிடம். நாங்கள் யாரும் அவர் போட்டோவை வாங்கி ஓரமாக வைத்துவிட மாட்டோம். அந்தப் பாதுகாப்புக்காக இருபது வருஷமாக எங்கள் காதுதான் தேய்கிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஊரெல்லாம் கேக்கறியே, வீட்டுல உன் சம்சாரத்துக்கிட்ட ஒரு தடவையாவது இதைக் கேட்டியா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதெப்படி அண்ணே கேக்கறது? 'சரி, போங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டா?"