ஈ மொய்த்த ஒளியாண்டு

ஏலே பேராண்டி, அந்த நோட்டை இங்கே கொண்டா. ஒரு ஒளியாண்டுங்கிறது 9.4612 கிலோமீட்டரா? பலே! நம்ம ஊர்லேருந்து சந்தைக்கு அம்புட்டுத் தூரந்தான். வெளிச்சம் வருசம் பூரா நடந்து சந்தைக்குப் போய்ச் சேருதாக்கும். என் கிழட்டு மாடு ரெண்டு மணி நேரத்துல போயிருமே!

போனைப் பார்த்து எழுதினியோ? 9.46-க்குப் பக்கத்துல இங்கிலீசுல ஒரு ‘ஈ’ இருந்திருக்குமே? ஈ மொய்க்குதுன்னு துடைச்சு விட்டுட்ட. மொத்தச் சொத்தும் அந்த ஈகிட்டதாம்லே இருக்கு. அதுக்குப் பின்னால நிக்கிற 12, பத்தை எத்தனை தடவை பெருக்கணும்னு சொல்லுது, அதான் அடுக்கு. 9.46 × 10¹². புள்ளியை வலப்பக்கமா 12 எட்டு நடத்திக் கூட்டிட்டுப் போ. 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீட்டர்ல போய் நிக்கும்.

பிடிக்கலையா, விடு. சைபராவே எழுது. நோட்டு விக்கிறவனும் பிழைக்கணும்ல. பூமியோட நிறை 5.97 × 10²⁴ கிலோ. 597 போட்டு 22 சைபர். கண் அசந்து ஒண்ணை விட்டுட்டாலும் குடியா முழுகிரும்? பூமி செவ்வாயைவிட எளச்சுப் போகும், அம்புட்டுதான். சூரியனுக்கு இங்கேருந்து 1.5 × 10⁸ கிலோமீட்டர். அதுல ஒரு சைபரை முழுங்கிப் பாரு, வெயில் நூறு மடங்கு ஏறிரும். ஆச்சிக்கு வத்தல் காயப்போட வசதி.

அடுக்கு போட்டு எழுதுறப்போ முன்னால நிக்கிற எண் ஒண்ணுக்குக் கொறையக் கூடாது, பத்தைத் தொடவும் கூடாது. 15 × 10⁷னு எழுதினா மதிப்பு மாறாதுதான். ஆனா வேட்டியைத் தோள்ல போட்டுத் துண்டை இடுப்புல கட்டினவனைக் கல்யாண வீட்டுல எங்கே உக்கார வைப்பாங்க?

அப்புறம் இது. 2 × 10⁻³க்கு மைனஸ் இரண்டாயிரம்னு எழுதிருக்க. மேல இருக்கிற மைனஸைப் பார்த்ததும் கடன்னு பயந்துட்ட. கடன்காரன் வேற, ஏழை வேறலே. இவன் கையில 0.002 இருக்கு, யாருக்கும் பாக்கியில்ல. நான் கணக்கெழுதின காலத்து ஆளு. முந்திரி, கீழ்முந்திரி, இம்மின்னு பொடிப்பொடியாப் படிச்சவன். ‘இம்மியளவும் புத்தியில்ல’ன்னு உன்னை வையிறேனே, அந்த இம்மி ஒரு வாய்ப்பாட்டுப்படி 10,75,200-ல ஒரு பங்கு. உங்க வழக்கப்படி கிட்டத்தட்ட 9.3 × 10⁻⁷. ஹைட்ரஜன் அணுவோட நிறை 1.67 × 10⁻²⁷ கிலோவாம். இனிமே உன்னை வைய அதை வச்சுக்கலாம்.

3 × 10⁵-ஓட 2 × 10³-ஐக் கூட்டி 5 × 10⁸னு போட்டியே, சபாசு! மூணு லட்சமும் ரெண்டாயிரமும் சேர்ந்து ஐம்பது கோடி. கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேக்க மாட்டான். கூட்டணும்னா முதல்ல அடுக்கைச் சமமாக்கு: 3 × 10⁵, 0.02 × 10⁵. ஆகமொத்தம் 3.02 × 10⁵. பெருக்கும்போதுதான் அடுக்கைக் கூட்டணும், வகுக்கும்போது கழிக்கணும்.

இதைப் போடு பார்ப்போம். சூரியன் தூரம் 1.5 × 10⁸ கிலோமீட்டர். வெளிச்சம் நொடிக்கு 3 × 10⁵ கிலோமீட்டர் போகும். வகு. 0.5 × 10³. வேட்டியை ஒழுங்காக் கட்டு. ஆங், 5 × 10². ஐந்நூறு நொடி, எட்டு நிமிசம் இருபது நொடி.

உன்னை வைய ஆரம்பிச்சப்போ அங்கே கிளம்பின வெளிச்சம் இந்நேரம் உன் நோட்டுல வந்து விழுந்திருக்கும். நீ இன்னும் பூமியோட ஒம்பதாவது சைபர்லயே நிக்கிறியேலே!