ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது எப்படி?

ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா வாங்குவதற்கு வழிகாட்டி எதற்கு? கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டினால் பெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒப்பிடுவதுதான் கலை. பணம் வங்கியிலேயே இருக்க, வருஷக்கணக்காக ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

முதலில், “போட்டோவும் எடுக்கணும், வீடியோவும் எடுக்கணும்” என்று நிபந்தனை போடுங்கள். போட்டோ மட்டும் போதும் என்றீர்களானால் அடுத்த வாரமே ஏதாவது ஒரு பெட்டி வீடு வந்து சேர்ந்துவிடும். இரண்டும் வேண்டும் என்றவுடன் சென்சாருக்குள்ளேயே தகராறு ஆரம்பம். 1925ல் லைக்கா ஃபிலிமோடு வந்த அதே 36க்கு 24 மில்லிமீட்டர் இடம். அதில் பிக்சல்களை நெருக்கி அடைத்தால் பெரிய பிரிண்ட் போடலாம். ஆனால் அத்தனையையும் மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்து முடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் கேமராவைச் சட்டென்று திருப்பினால் கல்யாண மண்டபத்துத் தூண்களெல்லாம் சாய்ந்து நிற்கும். அதனால்தான் சோனியே ஏ7ஆர் ஃபைவில் 61 மெகாபிக்சலும் ஏ7எஸ் த்ரீயில் வெறும் 12ம் வைத்து விற்கிறது. நமக்கு நடுவிலுள்ள வட்டாரம், 24லிருந்து 33 வரை. அங்கே குடியேறிவிட்டால் வெளியே வரவே வேண்டியதில்லை.

ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று குறையும். தற்செயல் என்று நினைக்காதீர்கள். குறையே இல்லாத ஒன்றை இன்றைக்கே விற்றுவிட்டால் மூன்று வருஷம் கழித்து எதை விற்பது? 2021ல் வந்த சோனி ஏ7 ஃபோரில் 33 மெகாபிக்சல் உண்டு, எந்த விலைக்கும் லென்ஸ் உண்டு. 4கேயில் 60 ஃப்ரேம் என்று வைத்தால் மட்டும் ஓரங்களை வெட்டிவிடும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் 36 ஆகி, மேடையின் கடைசியில் நிற்கும் சித்தப்பா குடும்பம் படத்துக்கு வெளியே போய்விடும். அந்தச் சித்தப்பாதான் கேட்டரிங் செலவை ஏற்றவராக இருப்பார்.

2022ல் வந்த கேனன் ஆர்6 மார்க் டூ ஓரத்தை வெட்டாது. சித்தப்பா உள்ளே. ஆனால் அதன் ஆர்எஃப் மவுன்ட்டுக்கு விலை குறைந்த ஃபுல் ஃப்ரேம் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ் தரச் சிக்மாவையும் டாம்ரானையும் கேனன் விடவில்லை. எச்டிஎம்ஐ துளையும் மைக்ரோ. மானிட்டர் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தால், சீர்வரிசைத் தட்டோடு வருகிற ஒரு அத்தையின் முழங்கை போதும் அதைப் பதம் பார்க்க. 2024ல் வந்த நிக்கான் இசட்6 த்ரீ சென்சாரை மளமளவென்று படிக்கும், 6கே ரா வீடியோவை உள்ளேயே பதியும். அந்த வேகத்துக்கு விலையாக, குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தின் இருட்டை எடிட்டிங்கில் ஏற்றினால், முந்தைய இசட்6 டூவைவிடப் புள்ளிகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 2023ன் பானசோனிக் எஸ்5 டூ விலை குறைவு. சூடாகாமலிருக்க உள்ளே ஃபேனே வைத்திருக்கிறார்கள். அதுவும் 60 ஃப்ரேமுக்கு ஓரத்தை வெட்டுகிற ஜாதிதான். நம் பக்கத்து வாடகைக் கடையில் அதன் எல் மவுன்ட்டுக்கு லென்ஸ் கேட்டுப் பாருங்கள்; கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

இந்த நான்கையும் எக்செல்லில் ஏற்றுங்கள். எதை ஏற்றுவது என்பதில்தான் சூட்சுமம். மவுன்ட்டின் விட்டம் அவசியம்: சோனி 46 மில்லிமீட்டர், கேனன் 54, நிக்கான் 55. அந்த ஒரு மில்லிமீட்டரை வைத்து ஒரு சாயங்காலத்தை ஓட்டிவிடலாம். வினாடிக்கு எத்தனை படம் என்பதும் வேண்டும். ஆர்6 மார்க் டூ எலெக்ட்ரானிக் ஷட்டரில் 40 எடுக்கும். காகிதக் கணக்குப்படி, மூன்று முடிச்சு விழுகிற பத்து வினாடிக்குள் 400 படம். அதில் ஆல்பத்துக்குப் போவது ஒன்று; மற்ற 399ல் அதே ஐயர் அதே வாயைத் திறந்தபடி இருப்பார்.

ஆல்பத்தின் அளவை மட்டும் எக்செல்லில் ஏற்றிவிடாதீர்கள், ஆபத்து. 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பெருக்கிப் பார்த்தால் 19 மெகாபிக்சல் சொச்சம்தான் வரும். நான்கு கேமராவுமே அதைத் தாண்டுபவை. ஒரு முழு நிரல் ஒரே நிமிஷத்தில் காலியாகிவிடும்.

கம்பெனிக்காரர்கள் சின்ன எழுத்தில் போடுவதையும் படிக்காதீர்கள். 2020ல் கேனன் ஆர்5 வந்தபோது 8கே வீடியோ என்று ஊரே பேசியது. சூடாகி நிற்பதற்கு முன் சுமார் 20 நிமிஷம் எடுக்கலாம் என்று கேனனே சொன்னது, அதுவும் சுற்றுப்புறம் 23 டிகிரியில் இருந்தால். வைகாசியில், ஜெனரேட்டரில் ஓடுகிற மண்டபத்தில், ஓமப் புகைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு 23 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? கொடைக்கானலில் கல்யாணம் வைக்கச் சொல்லலாம். 29 நிமிஷம் 59 வினாடியில் ரெக்கார்டிங் நின்றுபோகும் பழைய வழக்கமும் இப்படித்தான். அரை மணி நேரம் பதிந்தால் அது வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் கூடுதல் சுங்கம் கேட்டார்கள். அதற்குப் பயந்து ஒரு வினாடியைக் கழித்தார்கள். பிரஸ்ஸல்ஸில் போட்ட வரிக்காக நம்மூர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் பாதியில் அறுந்தது. ஆர்6ல் இருந்த அந்தக் கட்டு மார்க் டூவில் இல்லை.

இனி டீக்கடை விவாதம். ஜூனியர் யாராவது வந்து, “அண்ணே, லோ லைட்டுக்கு எதுண்ணே பெஸ்ட்டு?” என்று கேட்பான். எந்த மண்டபம், என்ன லைட்டு என்று திருப்பிக் கேட்டுவிடாதீர்கள், பேச்சு உருப்படியாகிவிடும். டியூப்லைட்டு நம் கரண்டில் வினாடிக்கு நூறு முறை துடிக்கிறது. 25 ஃப்ரேம், ஐம்பதில் ஒன்று ஷட்டர் என்று வைத்தால் அடங்கும். அமெரிக்க யூடியூபரைப் பார்த்து 30 ஃப்ரேம், அறுபதில் ஒன்று என்று வைத்தவன் படத்தில் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைமேல் பட்டை பட்டையாக ஊர்ந்துகொண்டே இருக்கும். எந்த கம்பெனி பாடியானாலும் ஊரும். ரிசப்ஷன் மேடையின் எல்இடி சுவர் முன்னால் சைலண்ட் ஷட்டரில் ஏ7 ஃபோரை வைத்து எடுத்தாலும் கோடுதான். ஒரு படத்தைப் படித்து முடிக்க அதற்கு ஏறக்குறைய பதினைந்தில் ஒரு வினாடி ஆகிறது. இசட்6 த்ரீ இந்த இடத்தில் மெய்யாகவே தேவலை. ஆனால் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னால் அவன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். “கேனன் கலர் தனி தம்பி” என்று ஆரம்பியுங்கள். இரண்டாவது டீ வரும்.

‘தி கிரியேட்டர்’ படத்தையே சோனி எஃப்எக்ஸ்3 கேமராவில்தான் எடுத்தார்கள், 12 மெகாபிக்சல்தான் என்று ஒருவர் கட்டாயம் எடுத்துவிடுவார். அந்தப் படத்தின் பட்ஜெட் சுமார் எட்டுக் கோடி டாலர். அந்த எண்ணை யாரும் கேட்காதவரை வாதம் ஜோராக நடக்கும்.

கார்டு துளை இரண்டா ஒன்றா என்பதில் மட்டும் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை. 2018ல் நிக்கானின் இசட்6, இசட்7, கேனனின் ஈஓஎஸ் ஆர் மூன்றும் ஒரே துளையோடு வந்தபோது கல்யாண போட்டோகிராஃபர்கள் போட்ட கூச்சல் நியாயமானது. கார்டு போனால் தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்தும் முடிவு நெருங்குகிறதென்றால், அடுத்த மாடலுக்குக் காத்திருங்கள். 2025 நவம்பரில் ஆர்6 மார்க் த்ரீ வந்தது. மைக்ரோ துளை போய்ப் பெரிய எச்டிஎம்ஐ வந்தது. டிசம்பரில் ஏ7 ஃபைவ் வந்தது. 60 ஃப்ரேமில் ஓர வெட்டு போய்விட்டது. பழைய குறைகள் தீர்ந்தன, விலை ஏறியது, 4கே 120 ஃப்ரேமுக்கு சோனி மறுபடியும் ஓரத்தை வெட்டுகிறது. எக்செல்லில் இரண்டு வரிசை கூடிற்று.

ஒரே ஒரு எச்சரிக்கை. வாடகைக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஒரு பாடியை எடுத்துக்கொண்டுபோய், விடியற்காலை காசியாத்திரையிலிருந்து மத்தியானப் பந்திவரை தோளில் சுமந்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். இருட்டில் கட்டைவிரல் ஐஎஸ்ஓவைத் தானாகத் தேடிப்போகிறதா, 70-200 லென்ஸை மாட்டினால் மணிக்கட்டு எத்தனை மணிக்கு வலிக்க ஆரம்பிக்கிறது, அட்சதை போடும் கைகள் குறுக்கே வரும்போது ஃபோக்கஸ் மணப்பெண்ணின் கண்ணிலேயே நிற்கிறதா, முகூர்த்தம் முடிவதற்குள் பேட்டரி சிவப்புக்கு வருகிறதா என்று ஒரே நாளில் தெரிந்துபோய், அன்றைக்கு ராத்திரியே எக்செல்லை மூடிவிடுவீர்கள். யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், பாடியை மட்டும் வாங்கிக்கொண்டு பேட்டரியைக் கேட்காமல் வந்துவிடுங்கள்.