பைரவருக்கும் வயிறு உண்டு

கேள்வி: எங்கள் நாய்க்கு அடிக்கடி பேதி. யாக்குல்ட் கொடுக்கலாமா? தயிர்சோறு போதும் என்கிறார் பாட்டி. (வாசகி, ரவாங்)

பதில்: யாக்குல்ட்டில் நல்ல நுண்ணுயிரோடு சர்க்கரையும் தாராளம். ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டால் பதற வேண்டாம். மருந்தென்று மட்டும் நினைக்காதீர்கள். பாட்டி சொல்வது பாதி சரி (அந்தப் 'பாதி'யை அவரிடம் சொல்லாதீர்கள்). சர்க்கரை சேராத வெறும் தயிர் ஒரு கரண்டி பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாத நாய்க்கு அதுவே பேதியாகும். தாளித்த தயிர்சோற்றில் வெங்காயம் விழுந்திருந்தால் வேண்டவே வேண்டாம், நாயின் சிவப்பணுக்களை அது சிதைக்கும். 'சர்க்கரை இல்லை' என்று பெருமையடிக்கும் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா பாருங்கள். அது நாய்க்கு நஞ்சு.

நாய்க்கென்றே விற்கும் தூள்கள் சிலவற்றில் என்டெரோகாக்கஸ் ஃபீசியம் என்ற நல்ல நுண்ணுயிர் இருக்கும். சாதாரணப் பேதி சற்று முன்னதாக நிற்க உதவலாம், அவ்வளவுதான்.

அடிக்கடி என்றீர்களே, அதுதான் இடிக்கிறது. குடற்புழுவாக இருக்கலாம். மேசைக்கடியில் நாசி லெமாக் சம்பலை நீட்டும் கை யாருடையது என்றும் விசாரியுங்கள். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியோடு ரத்தமாகக் கழிந்தால் பார்வோ வைரஸ் தொற்றாக இருக்கலாம். தூளைத் தேடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். போகும்போது மலத்தில் கொஞ்சம் மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள். டப்பாவின் மேல் பெயர் எழுதிவிடுங்கள். வீட்டில் பசியோடு திரிபவர்கள் உண்டு.