தண்ணி இல்லைங்க, பிரேசில்!

எங்கள் மொட்டைமாடியில் ஹாம் ரேடியோவுக்காக 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு யாகி ஆன்டெனா இருக்கிறது. அதே கம்பத்தில் மூன்று மீட்டர் மேலே 28 மெகாஹெர்ட்ஸுக்கு இன்னொன்றை அடுக்கவேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. "பிரேசில்காரரோடு இன்னும் தெளிவாகப் பேசலாம்" என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன். "பக்கத்து வீட்டுக்காரரோட பேசி எத்தனை நாளாச்சு?" என்றாள் மனைவி. நான் கம்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். வசதியான தலைப்பு, நடுவில் யாரும் குறுக்கிட முடியாது.

கம்பத்துக்குப் பைப் வாங்கப் போனேன். சென்னைப் பாரிமுனையில் கடைக்காரர், "எத்தனை மாடிக்குத் தண்ணி ஏத்தணும் சார்?" என்றார்.

"தண்ணி இல்லைங்க, பிரேசில்!"

அவர் கேட்டது நியாயம்தான். ஜி.ஐ. பைப் தண்ணீருக்காகச் செய்தது. பெயரளவும் உள்துளையை ஒட்டியே வரும். இரண்டு இஞ்சு பைப்பின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். சரியாக இரண்டு இஞ்சு அளவெடுத்து வாங்கும் யு-கிளாம்ப் அதன்மேல் உட்காராது.

பைப்பின் தடிமனில் பி கிளாஸா, சி கிளாஸா என்பது அடுத்த கேள்வி. கனமான சி கிளாஸைத் தட்டிப் பார்த்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் இரண்டு இஞ்சில் பி-யை விட்டு சி-க்குப் போனால் வளைவைத் தாங்கும் வலு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஒன்றரை இஞ்சை விட்டு இரண்டு இஞ்சுக்குப் போனாலோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. தடிமனைவிட விட்டம்தான் பெரிய மனுஷன். என் விட்டத்தையும் இந்தக் கோணத்தில் பாராட்டலாமே என்று வீட்டில் சொன்னேன், எடுபடவில்லை.

மிச்சமெல்லாம் காற்றின் கையில். இந்தியத் தரநிர்ணயம் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மரங்கள் விழுந்ததைப் பார்த்த யாரும் இதை வீண் பயம் என்று சொல்லமாட்டார்கள். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். மேல் ஆன்டெனாவின் பரப்பு அரைச் சதுர மீட்டர் என்றால் 75 கிலோ. அது என் எடை. மூன்று மீட்டர் பைப்பைச் சுவரில் கிடையாகச் செருகி, நுனியில் நான் தொங்குவதற்குச் சமம். சி கிளாஸ் இரண்டு இஞ்சு பைப்பே மறுபடி நிமிராதபடி வளைந்துவிடும் எல்லையை இது தொடுகிறது. பைப்பின் மேலேயே படுகிற காற்று தனி.

"அப்போ முதல்ல தொங்கிப் பாத்துட்டு வாங்கலாமே" என்றாள்.

இரண்டு இஞ்சு பைப்புக்குள் ஒன்றரை இஞ்சு பைப்பைச் செருகி, கம்பத்தைப் பிடித்திருக்கும் பேரிங்குக்கு மேலே வளைவு அதிகமாகும் இடத்தைப் பலப்படுத்தலாம் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மேலே இருக்கறத பாதி தூரம் கீழே இறக்கினா?" என்று கேட்டாள்.

வளைக்கும் திருப்புவிசையும் பாதியாகும். செலவில்லாத, சரியான விடை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

"ரெண்டும் ரொம்ப நெருங்கினா ஒண்ணை ஒண்ணு கெடுக்கும்" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

"ஒரே கம்பத்துல குடித்தனம்னா அனுசரிச்சுதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடும் கொடியை எந்த உயரத்தில் கட்டலாம் என்று என் படத்திலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.