வாங்கு மருமவனே, வாங்கு!

ஜப்பான்லேருந்து பழைய ஃபேமிகாம் டிவி கேம் பொட்டி ஒண்ணு வரவழைக்கப் போறியாமே மருமவனே? தாராவி தொண்ணூறடி ரோட்டு டீக்கடையில நாலு பேரு பேசித்தான் என் காதுக்கு வந்துச்சு. மாமன்கிட்ட சொன்னா தடுப்பான்னு நெனச்சிருப்பே. நான் எதுக்குடே தடுக்கப் போறேன்? பல்லார்டு பியர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்குக் காயிதம் சுமந்தே தலை நரைச்சவன் நான். சர்க்காருக்குத் தானா முன்வந்து பணம் கட்டுற ஆளை அங்க பாத்ததே இல்ல. நம்ம குடும்பத்துலயே ஒருத்தன் பொறந்திருக்கான்னா பெருமைதானே!

கணக்கை மட்டும் ஒருக்கா கேட்டுக்கோ. செல்போன்ல நீ பாத்த விலை 10,000 ரூபான்னு வச்சுக்குவோம். அங்கேருந்து இங்க வர கூலி, இன்சூரன்ஸோட 2,000. ஆக 12,000, அத்தோட முடிஞ்சுதுன்னு நீ நெனைக்கே. கஸ்டம்ஸ்காரன் அங்கனதான் ஆரம்பிக்கான். பொட்டி விலைக்கு மட்டும் வரி போட மாட்டான். வந்த கூலி, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டித்தான் ‘மதிப்பு’ன்னு எழுதுவான். விமானத்துக்கு நீ கொடுத்த கூலிக்கும் வரி கட்டணும். யென்னை ரூபாயா மாத்துறதும் உன் பாங்கிக்காரன் போட்ட விலையில இல்ல, கஸ்டம்ஸ் தானா அறிவிச்ச விலையில.

கரோனா சமயத்துல, சொந்த உபயோகத்துக்குத் தபால்லயோ கூரியர்லயோ வந்த சாமானுக்கு என்ன வரின்னு தெரியுமா? அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம். உன் 12,000-க்கு 4,200. அந்த வரி மேல சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், அது 420. நலம் யாருக்குன்னு கேக்காதே. எல்லாத்தையும் கூட்டினா 16,620. இந்த மொத்தத்து மேல ஐ.ஜி.எஸ்.டி. 28 சதவீதம், 4,653 ரூபா 60 பைசா. மொய்ப் பணத்துக்கே மொய் வைக்கிறாப்ல, வரிக்கும் வரி. நூத்துக்கு 77.28 வந்துருது. பொட்டி 10,000, அதுக்கு வரி 9,273 ரூபா 60 பைசா. அந்த 60 பைசாவை வேணும்னா நான் தாரேன்.

இப்ப குறைஞ்சிருக்கு, பொய் சொல்லக் கூடாது. 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி. அடுக்கை மாத்துனாங்க. 2026 பட்ஜெட்ல சொந்த உபயோகச் சாமான் மேல, அதுக்குள்ள 20 சதவீதமா எறங்கியிருந்த சுங்க வரியை 10-ஆ குறைக்கிறதா மதுரையில பொறந்த நிதியமைச்சர் அம்மா அறிவிச்சாங்க. சர்க்கார் குறைச்சாலும் கூரியர்க்காரன் குறைக்க மாட்டான். ‘உங்க சார்பா வரியை நாங்களே முன்கூட்டிக் கட்டினோம்’னு ஒரு கட்டணம் போடுவான், அந்தக் கட்டணத்துக்கு ஒரு ஜி.எஸ்.டி. ஆதார் நகலும் கேப்பான். நீ யாரு எவருன்னு தெரியாம உன் கையில மேரியோவை ஒப்படைக்க முடியுமா?

இன்னொரு கூத்தும் இருக்கு. 2012-ல கட்டாயப் பதிவு ஆணைன்னு ஒண்ணு போட்டாங்க. பி.ஐ.எஸ். பதிவு இல்லாத எலக்ட்ரானிக் சாமானை விக்கவோ இறக்குமதி பண்ணவோ கூடாதுன்னு ஒரு பட்டியல். அதுல வீடியோ கேமும் உண்டு. 1983-ல வந்த உன் பொட்டிக்கு அந்தப் பட்டியல்படி பதிவு நம்பர் கேட்டா நீ என்ன சொல்லுவே? அதுக்கு ஒரு பதிலை யோசிச்சு வச்சுக்கோ. ஆபீசர்மாரு நல்லவங்கதான், ஆனா கேக்கதுக்குத்தானே சம்பளம் வாங்குதாங்க.

‘கிப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லட்டா மாமா?’ன்னு கேப்பே. கேக்காம இருந்தா நீ தாராவிக்காரனே இல்ல. முந்தி 5,000 ரூபா வரைக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லாம இருந்துச்சு. சீனாக்காரன் கடையில சட்டை வாங்குன ஜனம் பூரா ‘அன்பளிப்பு’ன்னே ஒட்டி வரவழைச்சுது. யாருடே இவ்வளவு அன்பு காட்டுதாங்கன்னு டெல்லிக்காரனுக்குச் சந்தேகம் வந்துட்டு. 2019 டிசம்பர் 12-ம் தேதி ஒரு அறிவிப்பு போட்டான். அன்பளிப்புன்னு சொல்லி வரி கட்டாம தபால்லயும் கூரியர்லயும் ஒண்ணும் வரக் கூடாது. உயிர் காக்குற மருந்துக்கு விலக்கு. இன்னொரு விலக்கு எதுக்குன்னு நெனைக்கே? ராக்கிக் கயிறுக்கு! கயிறு மட்டும்தான், கூட வார பரிசுக்கு இல்லன்னும் அடைப்புக்குறி போட்டு எழுதி வச்சிருக்கான். ஜப்பான்ல உனக்கு ஒரு தங்கச்சி இருந்தாலும் கயிறுதான் வந்து சேரும், பொட்டி வராது.

சட்டத்துக்கும் ஒரு ஓரத்துல ஈரம் உண்டு. அதே பொட்டியை வெளிநாடு போயிட்டு வார ஒருத்தன் தன் சாமானோட சாமானா கையில கொண்டு வந்தா, 2016 விதிப்படி 50,000 ரூபா வரைக்கும் வரியே இல்லாம இருந்துச்சு. இப்ப அதையும் கூட்டியிருக்காங்க. செம்பூர்ல இருக்கானே உன் பெரியப்பா மவன், ஆபீஸ் வேலையா டோக்கியோ போய்ட்டு வருதான்லா? அவன் வீட்டுப் பக்கம் நீ கடைசியா எப்பப் போனே? சேட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போறாப்ல அப்படியே எட்டிப் பாரு, மதனிக்கு மாட்டுங்காவுலேருந்து நாலு முழம் மல்லிப்பூ வாங்கிட்டுப் போ. துபாய்லேருந்து டூ-இன்-ஒன் வந்து எறங்குன காலத்துலேருந்தே இந்த ஊருக்கு அதுதான் தோது. சொந்தக்காரன் சூட்கேஸுக்கு மேல ஒரு துறைமுகம் கெடையாது.

இந்த ஊருக்கு வரிச்சுவர் புதுசா என்ன? சுவர் ஒசர ஒசர அதைத் தாண்டுறவன் பெரிய மனுசனா ஆவான். ராமநாதபுரத்துப் பனைக்குளத்துலேருந்து வந்து டாக்யார்டுல கூலி வேலை பாத்த ஹாஜி மஸ்தான் எப்படி ஆளானார்? தூத்துக்குடியிலேருந்து வந்து வி.டி. ஸ்டேஷன்ல மூட்டை தூக்குன வரதராஜ முதலியார் எப்படி மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் அத்தாம்பெரிய பிள்ளையார் பந்தல் போட்டார்? தங்கமும் வாட்சும் டிரான்சிஸ்டரும் சும்மா கெடைக்கிற ஊரா இருந்திருந்தா ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் மூட்டைதான் தூக்கியிருப்பாங்க. உன்னைக் கடத்தச் சொல்லுதேன்னு நெனச்சிராதே. இப்ப அந்தத் தொழிலுக்கும் ஆதார் கேப்பான்.

நீ ஆசைப்படுற மாதிரிச் சாமானுக்கே ஒரு பழைய கதை உண்டு. சேகாக்காரன் ஜப்பான்ல 1988-ல மெகா டிரைவ்னு ஒரு பொட்டி போட்டான். அதை 1995-ல இந்தியாவுக்குக் கொண்டாந்தான். அப்ப இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சுத்திப் போக யாரோட கை கோத்தான்? ஷா வாலஸோட! ஆமா, அதே விஸ்கிக் கம்பெனிதான். புள்ளைங்க விளையாட்டுச் சாமானை விக்க அதைவிட நல்ல ஆளு கெடைக்குமா? அம்புட்டுப் பாடுபட்டும் விலை 18,000 ரூபா. இன்னைக்கு இல்லடே, 1995-ல! நம்ம சால்ல ஒருத்தனும் வாங்கல. அப்பனுங்க அதே கம்பெனியோட மத்த சரக்கைத்தான் வாங்குனாங்க.

அப்ப நீ எதுலடே ஆடினே? கிராஸ் ரோட்டுப் பார்லர்ல காசைக் கொடுத்துட்டு நின்னதை நான் பாக்கலன்னா நெனைக்கே? அங்க இருந்தது சாமுராயோ, மீடியாவோ, பேரே இல்லாத தைவான் டப்பாவோ. ‘99,99,999 கேம்’னு கேசட் மேல எழுதியிருப்பான், உள்ள மேரியோவும் கான்ட்ராவும் வாத்து சுடுற கேமும்தான் சட்டையை மாத்தி மாத்தித் திரும்ப வரும். நிண்டெண்டோ 1983 ஜூலை 15-ம் தேதி 14,800 யென்னுக்கு வெளியிட்ட அசல் ஃபேமிகாம் பொட்டியை நீ கண்ணால பாத்தியா, கையால தொட்டியா? தொடாத பொட்டி மேல எப்படிடே பழைய பாசம் வந்துச்சு? உன் பாசம் எல்லாம் அந்த டூப்ளிகேட் மேல. அதுக்குப் பரிகாரமா ஒரிஜினலுக்கு டூட்டி கட்டப் போறே. இதை நான் வெளியில சொல்ல மாட்டேன், நீயும் சொல்லிராதே.

சரி, வந்தே தீரணும்னா அமெரிக்கா பக்கம் மட்டும் போயிராதே. அங்க இதே சாமானை உருவம் மாத்தி என்.இ.எஸ்.னு வித்தான். அதோட கேசட்டுக்கு 72 பின், ஜப்பான் கேசட்டுக்கு 60. நம்மூர் டூப்ளிகேட் கேசட்டும் 60 பின்தான். உங்க அம்மா பரண்ல போட்டு வச்சிருக்க பழைய கேசட் ஜப்பான் பொட்டியிலதான் உக்காரும். அங்கேருந்து கேசட்டும் வாங்கினா, விட்ட எடத்துலேருந்து தொடர்ந்து ஆடுற வகைக் கேசட்டுக்குள்ள ஒரு பட்டன் செல் இருக்கும். அது எப்பவோ செத்திருக்கும், மாத்திக்கோ.

கரண்டு விசயத்துல மட்டும் விளையாடாதே. ஜப்பான்ல 100 வோல்ட், நம்ம சுவத்துல 230. அவன் கொடுத்த அடாப்டரை அப்படியே சொருகினா, அம்புட்டு வரி கட்டுன பொட்டி ஒரு டப்புனு சத்தத்துல முடிஞ்சுரும். லாமிங்டன் ரோட்டுல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கெடைக்கும், அதை முதல்ல வாங்கு. அப்புறம் டிவி. அந்தப் பொட்டி அனுப்புறது ஆன்டெனா ஒயர் வழியா, ஜப்பான் சேனல் கணக்குல. உன் சுவத்துல தொங்குற எல்.இ.டி.க்கு அது புரியாது. பொட்டியைத் திறந்து ஏ.வி. ஒயர் வச்சுத் தரச் சொல்லணும், அந்த ஆளுக்கு ஒரு கூலி. படம் பழைய மாதிரி தெரியணும்னா டப்பா டிவி வேணும். அதை எங்க தேடுவே? நம்ம தாராவிப் பதிமூணாம் காம்பவுண்டுல டிவி கூட்டையும் கம்ப்யூட்டர் கூட்டையும் ஒடச்சு, நிறம் பிரிச்சு, கிலோக் கணக்குல அரைக்காங்க. நீ ஆசைப்பட்ட சாமானுக்கு அண்ணன் தம்பி அம்புட்டும் அந்தச் சாக்குக்குள்ளதான் போயிருக்கு.

ஆகவே மருமவனே, வாங்காதேன்னு நான் சொல்லல. முதல்ல சோர் பஜார்ல மட்டன் ஸ்ட்ரீட்டை வெள்ளிக்கிழமை காலையில ஒரு சுத்து சுத்திட்டு வா. அங்க கெடைக்கலன்னா செம்பூருக்கு மல்லிப்பூவோட போ. அதுவும் ஆகலன்னா கூரியர்லயே வரவழை, ஆனா பொட்டிக்குக் காசு அனுப்புறதுக்கு முன்னாடி வரிப்பணத்தைத் தனியா எடுத்து வச்சுரு. அதுக்கு என்கிட்ட கடன் கேட்டு வராதே.